அம்மா சொல்லிக்கொடுத்த தெருப் பெயர்: அமெரிக்க யூதக் குடியேறிகளின் நாவல்கள் பற்றி ஓர் இழை

கரிசல்வாசகன் | சனி, இரவு 10.40

மூன்று வாரமாக ஒரே நாவலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். ஹென்றி ராத் எழுதிய 'கால் இட் ஸ்லீப்'. 1934-இல் வந்தது. பிலிப் ராத் இல்லை, இவர் வேறு ஆள். இப்போதே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பத்துப் பதிவு அதிலேயே போய்விடும்.

கதை 1907-இல் தொடங்குகிறது. ஆஸ்திரியப் பேரரசின் கலிஸியாவிலிருந்து ஒரு யூதப் பெண் சின்னக் குழந்தையோடு வந்து, குடியேற வருகிறவர்களைச் சோதித்து அனுப்பிய எல்லிஸ் தீவிலிருந்து மன்ஹாட்டன் போகும் படகில் நிற்கிறாள். முன்பே அமெரிக்கா வந்துவிட்ட கணவன் அழைத்துப்போக வந்திருக்கிறான். வருடக்கணக்கில் பிரிந்திருந்தவர்கள் சந்திக்கும் சந்தோஷம் துளியும் இல்லை. குழந்தையின் தலையிலிருந்த வைக்கோல் தொப்பியைப் பிடுங்கித் தண்ணீரில் எறிகிறான் அப்பன். பட்டிக்காட்டுத் தொப்பி, நாலு பேர் பார்க்கிறார்களே என்ற கூச்சம். பின்னால் சுதந்திர தேவி சிலை. வெளிச்சத்துக்கு எதிரே நிற்பதால், அதன் கையிலிருக்கும் தீப்பந்தம் உடைந்த வாளின் கைப்பிடி போலக் கறுத்துத் தெரிகிறது என்று எழுதுகிறார் ராத்.

ஆனால் நான் சொல்ல வந்தது இன்னொரு இடம். பையன் டேவிட்டுக்கு இப்போது ஆறு வயது. புரூக்ளினில் வீடு. ஒரு நாள் பயந்து ஓடி, வழி தப்பிவிடுகிறான். எந்தத் தெரு என்று கேட்டால் 'பாடெ ஸ்ட்ரிட்' என்கிறான். கேட்பவர்கள் பாட்டர் தெருவா, பார்டி தெருவா என்று ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள். எதுவும் இல்லை. கடைசியில் போலீஸ் ஸ்டேஷனில் உட்காரவைக்கிறார்கள். பையன் தெருப் பெயரை மறக்கவே இல்லை, சரியாகத்தான் சொல்கிறான். அம்மா எப்படிச் சொல்வாளோ அப்படியே சொல்கிறான். அந்த உச்சரிப்பில் நியூயார்க்கில் ஒரு தெருவும் இல்லை, அவ்வளவுதான்.

இந்த ஒரு காட்சிக்குள் அந்தத் தலைமுறையின் மொத்தக் கதையும் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. யூத அடையாளம் என்றதும் மதம், ஜெபாலயம், சாப்பாட்டுக் கட்டுப்பாடு என்றுதான் பேசுகிறார்கள். நான் படித்த வரையில் இந்த நாவல்களின் உயிர், நாக்கில் இருக்கிறது. வீட்டில் வாய் கிழியப் பேசுகிறவர் தெருவில் இறங்கியதும் ஊமையாவது. உங்கள் கருத்து?

---

எடிசன்காரன் | சனி, இரவு 11.25

அண்ணே, அந்த நாவலில் இன்னொரு வித்தை இருக்கிறது, நீங்கள் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். வீட்டுக்குள் அம்மா ஜென்யா பேசுவதெல்லாம் யிட்டிஷ், கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் வீட்டு மொழி. ராத் அதை அழகான, முழுமையான, கொஞ்சம் கவிதை மாதிரியான ஆங்கிலத்தில் தருகிறார். அதே பையன் தெருவில் சிநேகிதர்களோடு பேசுவது நிஜ ஆங்கிலம். அதுதான் அச்சில் கொச்சையாக, பல்லுடைந்து வருகிறது. முதல் ஐம்பது பக்கம் எனக்கு இது புரியவில்லை, ஏன் இந்தப் பையன் வீட்டில் ஒரு மாதிரியும் வெளியே ஒரு மாதிரியும் பேசுகிறான் என்று குழம்பினேன்.

---

கரிசல்வாசகன் | சனி, இரவு 11.40

தம்பி, அதைத்தான் அடுத்த பதிவில் சொல்லலாம் என்றிருந்தேன்! முந்திக்கொண்டாய். ஸ்டேஷனுக்கு அம்மா வந்து நிற்கும் இடத்தைப் பார். வீட்டில் ராணி மாதிரி பேசியவளுக்கு அங்கே நன்றி சொல்லக்கூட இரண்டு உடைந்த வார்த்தைதான் கிடைக்கிறது. ஆள் மாறவில்லை, அறிவு மாறவில்லை, அறைதான் மாறியது.

---

பாரிமுனை | ஞாயிறு, காலை 6.15

'மாஸ்' படக்கதை படித்தவர்கள் இருக்கிறீர்களா? ஆர்ட் ஸ்பீகல்மன். யூதர்கள் எலி, நாஜிகள் பூனை. அதிலும் இதே வித்தைதான். நியூயார்க்கின் குவீன்ஸில் உட்கார்ந்து கதை சொல்லும் கிழவர் விளாடெக்கின், அதாவது ஸ்பீகல்மனின் அப்பாவின், ஆங்கிலம் முன்னும் பின்னுமாக இருக்கும். போலந்தில் நடக்கும் பழைய காட்சிகளில் அதே விளாடெக், வாலிபன், தடங்கலில்லாமல் பேசுவார். ஏனென்றால் அங்கே அவர் தன் மொழியில் பேசுகிறார். ராத்துக்கும் இவருக்கும் இடையில் அரை நூற்றாண்டு இருக்கிறது.

பழைய புத்தகக் கடையில் எண்பது ரூபாய்க்கு வாங்கினேன், முதல் பாகம் மட்டும். இரண்டாம் பாகத்துக்கு நாலு வருஷம் அலைந்தேன், அது தனிக் கதை.

---

இரவுவிளக்கு | ஞாயிறு, காலை 9.02

நல்ல இழை. கல்லூரியில் பதினைந்து வருடமாக இந்தத் தாளை எடுக்கிறேன், கொஞ்சம் பின்னணி சொல்கிறேன். 1881-இல் ரஷ்யாவில் ஜார் மன்னன் கொல்லப்பட்டதும் யூதர்கள் மீது கலவரங்கள் வெடித்தன. அங்கிருந்து 1924 வரை கிழக்கு ஐரோப்பாவிலிருந்து சுமார் 20 லட்சம் யூதர்கள் அமெரிக்கா வந்தார்கள். கலவரம் மட்டும் காரணம் இல்லை, வறுமையும்தான். 1924-இல் குடியேற்றச் சட்டம் கதவைச் சாத்தியது. ஆக, நாம் பேசும் நாவல்களில் பெரும்பகுதி அந்த நாற்பது வருடத்தில் வந்தவர்களோ அவர்களின் பிள்ளைகளோ எழுதியது.

ஹென்றி ராத்தின் சொந்தக் கதை நாவலைவிட விசித்திரம். புத்தகம் வந்தபோது இடதுசாரிப் பத்திரிகை 'நியூ மாஸஸ்' குறைப்பட்டுக்கொண்டது: பாட்டாளி வர்க்கத்திலிருந்து வரும் இளைஞர்கள் தங்கள் அனுபவத்தை இப்படி மனசைக் குடைந்து எழுதும் நாவலுக்கா செலவழிப்பது என்று. ராத் அப்போது கம்யூனிஸ்ட், அது அவரைச் சுட்டது. பதிப்பகமும் நொடித்துப்போனது. மனிதர் எழுத்தை விட்டுவிட்டு மெய்ன் மாநிலத்தில் வாத்து வளர்க்கப் போய்விட்டார். 1964-இல் மலிவுப் பதிப்பு வந்து, விமர்சகர் இர்விங் ஹௌ 'நியூயார்க் டைம்ஸ்' புத்தகப் பகுதியின் முதல் பக்கத்தில் எழுத, பத்து லட்சம் பிரதிகள் போனது. அடுத்த நாவல் வந்தது 1994-இல். அறுபது வருட இடைவெளி!

---

சும்மாஒருவன் | ஞாயிறு, காலை 10.30

எல்லாம் சரி. எனக்கு ஒரு சந்தேகம். எல்லிஸ் தீவில் அதிகாரிகள் வாயில் நுழையாத பெயர்களை எல்லாம் வெட்டிச் சுருக்கி எழுதிவிட்டார்களே, அதைப் பற்றி ஏன் யாரும் சொல்லவில்லை? அடையாளம் பறிபோனது அங்கேதானே?

---

இரவுவிளக்கு | ஞாயிறு, காலை 11.10

@சும்மாஒருவன் எல்லோரும் சொல்லும் கதைதான் சார், ஆனால் நடந்தது அப்படி இல்லை. எல்லிஸ் தீவு அதிகாரிகள் யாருக்கும் பெயர் வைக்கவில்லை. கப்பல் கம்பெனி, புறப்பட்ட துறைமுகத்திலேயே எழுதிக் கொண்டுவந்த பயணிகள் பட்டியலை வைத்துக்கொண்டு சரிபார்த்தார்கள், அவ்வளவுதான். பல மொழி தெரிந்த மொழிபெயர்ப்பாளர்களும் இருந்தார்கள். பெயர் மாற்றம் பிறகு நடந்தது, அவரவரே செய்துகொண்டது. நியூயார்க் நீதிமன்றங்களில் மனுப் போட்டு மாற்றியவர்களில் யூதர்கள் ஏராளம். அவர்களில் பலர் அங்கேயே பிறந்தவர்கள். கல்லூரியில் இடம், ஆபீசில் வேலை கிடைக்கவேண்டுமே.

அதிகாரி வெட்டினான் என்று பேரப்பிள்ளைகளிடம் சொல்வது சுலபம். நானே வெட்டிக்கொண்டேன் என்று சொல்வதுதான் கஷ்டம். இந்த நாவல்கள் அந்தக் கஷ்டமான பதிப்பைச் சொல்கின்றன. ஆபிரகாம் கஹான் 1896-இல் எழுதிய 'யெக்ல்' பாருங்கள். யெக்ல் தன்னை ஜேக் ஆக்கிக்கொள்கிறான், யாரும் வற்புறுத்தவில்லை. மகன் யொசெலெ வந்திறங்கியதும் ஜோயி ஆகிவிடுகிறான். ஊரிலிருந்து வந்த மனைவி கிட்ல், மணமான பெண்களின் வழக்கப்படி தலைமுடியை மறைத்து நிற்கிறாள். அவளைப் பார்த்ததும் அவனுக்கு மானம் போகிறது.

---

எடிசன்காரன் | ஞாயிறு, மதியம் 12.20

பெயர் என்றதும் கேரி ஷ்டெயின்கார்ட் நினைவு வருகிறார். 1972-இல் லெனின்கிராடில் பிறந்தவர், ஏழு வயதில் நியூயார்க் வந்தார். பிறந்த பெயர் இகோர். அமெரிக்காவில் இகோர் என்றால் பேய்ப்படத்தில் ஃப்ராங்கன்ஸ்டைனுக்கு உதவியாளாக வருகிற கூனனின் பெயர். பள்ளியில் பையனுக்கு அடி விழும் என்று கேரி ஆக்கிவிட்டார்கள்.

எங்கள் ஆபீசில் ஒரு சீனிவாசன் 'ஸ்ரீ' ஆகிவிட்டார். காபிக் கடையில் கோப்பையில் எழுத மூன்றெழுத்துப் பெயர் வேண்டுமாம்.

---

பாரிமுனை | ஞாயிறு, மாலை 4.45

சால் பெல்லோவை விட்டுவிடாதீர்கள். 'ஆகி மார்ச்' (1953) நாவலின் முதல் வரியே, நான் ஓர் அமெரிக்கன், சிகாகோவில் பிறந்தவன் என்று மார்தட்டுகிறது. எழுதியவர் பிறந்தது சிகாகோவிலா? கனடாவில், மாண்ட்ரியலுக்குப் பக்கத்தில் லாஷீன். 1924-இல் ஒன்பது வயதில் சிகாகோவுக்கு முறையான காகிதம் இல்லாமல் கொண்டுவரப்பட்ட பிள்ளை. குடியுரிமை கிடைத்தது 1941-இல். அந்த முதல் வரியை இது தெரிந்து மறுபடி படித்தால் வேறு மாதிரி கேட்கிறது.

---

சும்மாஒருவன் | ஞாயிறு, மாலை 5.05

அப்படியானால் பொய்தானே?

---

பாரிமுனை | ஞாயிறு, மாலை 5.20

நாவல் சார் அது, ரேஷன் கார்டு இல்லை.

---

தறிக்காரி | ஞாயிறு, இரவு 8.50

இதுவரை ஆண்கள் கதைதான் பேசியிருக்கிறீர்கள். யொசெலெக்குப் பெயர் மாறியது பற்றி எழுதினீர்கள், யெசியர்ஸ்காவைக் காணோமே.

அன்சியா யெசியர்ஸ்காவின் 'பிரெட் கிவர்ஸ்' 1925-இல் வந்தது. நியூயார்க்கில் ஹெஸ்டர் தெருப் பக்கம் ஒரு வாடகை வீடு. அப்பா ரெப் ஸ்மோலின்ஸ்கி நாள் முழுக்க வேதம் ஓதுகிறவர், சம்பாதிப்பதில்லை. நாலு பெண்கள். வீட்டில் நல்ல வெளிச்சமான முன்னறை அவருக்கும் அவருடைய புத்தகங்களுக்கும். மற்றவர்கள் எல்லோரும் மீதி இடத்தில் நெருக்கிக்கொள்ள வேண்டும். அந்த முன்னறைக்கு ஆள் வைத்தால் வாடகையில் பாதி வரும், அம்மா சொல்லிப் பார்க்கிறாள், நடக்காது. மூத்தவள் பெஸ்ஸியின் சம்பளத்தில் வீடு ஓடுகிறது. அவளைக் கல்யாணம் பண்ண ஒருவன் வந்தால் அப்பா பேரம் பேசி விரட்டிவிடுகிறார். கடைசியில் பிள்ளைகுட்டிக்காரனான ஒரு மீன் வியாபாரிக்குத் தள்ளிவிடுகிறார்.

ஊரில் இருந்தவரை படிக்கிற ஆணை மனைவி உழைத்துக் காப்பாற்றுவது பெருமை. அமெரிக்காவில் வாடகை வசூலிக்க வருகிறவளுக்கு அந்தப் பெருமை தெரியாது. மாதம் பிறந்தால் கதவைத் தட்டுவாள். தன் உலகத்தில் பெரிய மனுஷனாக இருந்தவர் இங்கே சோம்பேறி. அதை நான் புரிந்துகொள்கிறேன். ஆனால் அந்த வித்தியாசத்துக்கு வட்டி கட்டியது பெண்கள்.

கடைக்குட்டி சாரா பதினேழு வயதில் வீட்டை விட்டுப் போகிறாள். பகலில் சலவைக் கடையில் இஸ்திரி போட்டு, இரவில் படித்து, கல்லூரி முடித்து டீச்சராகிறாள். கடைசியில் அப்பா அவளோடு வந்து இருக்கப்போகிறார். அவர் ஓதுகிற குரல் கேட்கிறது, அப்பா மட்டுமா, அப்பாவை உண்டாக்கிய தலைமுறைகள் எல்லாம் தன் மேல் பாரமாக உட்கார்ந்திருக்கின்றன என்று நினைக்கிறாள். சிலர் இதைச் சமரச முடிவு என்று எழுதுகிறார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. கதவு திரும்பச் சாத்துகிற சத்தம் மாதிரிதான் கேட்டது.

---

எடிசன்காரன் | ஞாயிறு, இரவு 9.30

அக்கா, அந்த முன்னறை எவ்வளவு சின்னது என்று நேரில் பார்த்தால்தான் தெரியும். மன்ஹாட்டனில் 97, ஆர்ச்சர்ட் தெருவில் 1863-இல் கட்டிய ஒரு குடியிருப்பை அப்படியே அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். மூன்று அறை சேர்த்து 325 சதுர அடி. லெவின் என்ற குடும்பம் 1890-களில் அதில் குடியிருந்துகொண்டே துணி தைக்கும் பட்டறையும் நடத்தியது. அடுப்பில் சமையலும் இஸ்திரிப் பெட்டியும் பக்கத்துப் பக்கத்தில் சூடாகிக்கொண்டிருந்திருக்கும். நாங்கள் பன்னிரண்டு பேர் வழிகாட்டியோடு உள்ளே போனோம், ஒருவர் திரும்பினால் இன்னொருவர் நகரவேண்டும். என் மாமனார் வெளியே வந்ததும் சொன்னார், "இதில் ஒரு அறை முழுக்க ஒரு ஆள் புஸ்தகத்துக்கா?" என்று. அவர் நாவலைப் படித்ததே இல்லை, நான் சும்மா கதை சொல்லியிருந்தேன்.

---

கரிசல்வாசகன் | திங்கள், காலை 7.10

தறிக்காரி சொன்னதை ஒத்துக்கொள்கிறேன், நாக்கு மட்டும் இல்லை. ஆனால் அந்த அப்பாவுக்கும் நடந்தது அதேதான். அவருடைய பேச்சுக்கு மதிப்பிருந்த ஊர் போய்விட்டது.

---

தறிக்காரி | திங்கள், காலை 7.25

அவர் பேச்சை நிறுத்தவே இல்லையே சார். வீட்டில் வாயே திறக்க முடியாமல் இருந்தது மற்ற ஐந்து பேர்.

---

இரவுவிளக்கு | திங்கள், மதியம் 1.30

நாக்கு, பெயர் இரண்டும் பேசியாயிற்று. உடுப்பு பற்றி யாரும் இன்னும் வரவில்லை. வகுப்பில் எப்போதும் இதற்குத்தான் நேரம் போதாமல் போகும், அதனால் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மேலே சொன்ன கஹான், நாவலாசிரியர் மட்டும் இல்லை. 'ஃபோர்வர்ட்ஸ்' என்ற யிட்டிஷ் நாளிதழைப் பல பத்தாண்டுகள் நடத்தியவர். வாசகர்கள் தங்கள் குடும்பக் கஷ்டத்தை எழுதிக் கேட்க, ஆசிரியர் பதில் சொல்லும் பகுதியை 1906-இல் தொடங்கினார். நம்மூர் வார இதழ் கேள்வி பதில் மாதிரி, ஆனால் நெஞ்சை அடைக்கிற கடிதங்கள். அவருடைய பெரிய நாவல் 'தி ரைஸ் ஆஃப் டேவிட் லெவின்ஸ்கி', 1917. முதல் பத்தியிலேயே கணக்கைச் சொல்லிவிடுகிறான் லெவின்ஸ்கி. 1885-இல் சட்டைப்பையில் நாலு சென்ட்டோடு வந்தேன், இன்று என் சொத்து இருபது லட்சம் டாலருக்கு மேல். ஆனால் உள்ளே நான் மாறவே இல்லை, இந்தப் பணமெல்லாம் அர்த்தமில்லாமல் தெரிகிறது என்கிறான்.

வந்து இறங்கிய புதிதில் ஒரு பெரியவர் இரக்கப்பட்டு அவனைக் கடைக்குக் கூட்டிப்போகிறார். தொப்பி, காலர், கைக்குட்டை, எல்லாம் புதிது. பிறகு முடிதிருத்தும் கடை. காதோரம் தொங்கும் சடைமுடியை, பக்தியுள்ள யூத ஆண்கள் வெட்டாமல் விடுவது, கத்தரித்துவிடுகிறார்கள். கண்ணாடியில் பார்த்தால் தன்னையே அடையாளம் தெரியவில்லை. வாங்கிக்கொடுத்தவர் நல்ல மனிதர், கெடுதல் நினைத்துச் செய்யவில்லை. அப்புறம் ஒவ்வொன்றாகப் போகிறது. தன் மதத்தைப் புது ஊருக்கு ஏற்றபடி வளைக்கப் பார்த்தால் அது வளையாது, முறிந்துவிடும் என்று லெவின்ஸ்கியே ஓரிடத்தில் சொல்கிறான்.

இப்போது நாற்பது வருடம் தாண்டி, பிலிப் ராத்தின் 'ஈலை, தி ஃபனாட்டிக்'. 1959-இல் வந்த 'குட்பை, கொலம்பஸ்' தொகுப்பில் இருக்கும் கதை. ஊர் பெயர் வுட்டன்டன், வசதியான புறநகர். கார், புல்வெளி, நல்ல பள்ளிக்கூடம். யூதர்கள் கிறிஸ்தவர்களோடு இப்போதுதான் கலந்து வாழத் தொடங்கியிருக்கிறார்கள். அங்கே ஒரு மேட்டில், போரில் தப்பிவந்த அகதிகள் சின்ன வேதப் பள்ளி நடத்துகிறார்கள். அதில் ஒரு ஆள் கறுப்புக் கோட்டும் கறுப்புத் தொப்பியுமாகக் கடைத்தெருவுக்கு வருகிறான். ஊர் யூதர்களுக்கு அவமானம். பக்கத்து வீட்டுக்காரர்கள் நம்மையும் அப்படி நினைத்துவிட்டால்?

வக்கீல் ஈலையைத் தூது அனுப்புகிறார்கள். அந்த ஆளை வேறு உடையில் வரச் சொல்லுங்கள் என்று கடிதம் எழுதுகிறான். பள்ளித் தலைவர் ஒரே வரியில் பதில் அனுப்புகிறார்: அவர் போட்டிருக்கும் சூட் மட்டும்தான் அவரிடம் இருப்பது. ஈலை முதலில் இதைத் துணி இல்லை என்று புரிந்துகொள்கிறான். போய்க் கேட்டால்தான் தெரிகிறது, பெண்டாட்டி, பிள்ளை, ஊர், எதுவுமே மிச்சமில்லை அந்த ஆளுக்கு. சரி என்று தன்னுடைய நல்ல பச்சை சூட்டைக் கொண்டுபோய் வைக்கிறான். அந்த ஆள் அதைப் போட்டுக்கொண்டு ஊருக்குள் நடக்கிறான். ஊருக்கு நிம்மதி.

ஆனால் கறுப்பு உடுப்பு ஈலை வீட்டு வாசலில் பெட்டியில் இருக்கிறது. எடுத்துப் போட்டுக்கொள்கிறான். அந்தக் கோலத்தில் ஊர் நடுவே நடந்து, அன்றுதான் பிறந்த மகனைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போகிறான். எல்லோரும் புத்தி பிசகிவிட்டது என்று முடிவு கட்டி, கோட்டைக் கிழித்து, ஊசி போட்டு மயக்குகிறார்கள்.

லெவின்ஸ்கியின் கண்ணாடியையும் ஈலையின் பெட்டியையும் பக்கத்தில் வையுங்கள். ஒருவனிடமிருந்து கழற்றியது, இன்னொருவன் வாசலுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. பொருத்தம் சரியாக இருப்பதுதான் பயமாக இருக்கிறது.

---

சும்மாஒருவன் | திங்கள், மதியம் 2.15

மேடம், இந்தப் பதிவுக்காகவே இழையில் இருக்கலாம் போல. கிண்டல் இல்லை.

ஆனால் இதே பிலிப் ராத்தை யூதர்களே திட்டினார்களே? யூத விரோதி என்றுகூட.

---

பாரிமுனை | திங்கள், மாலை 6.00

திட்டினார்கள். 1959-இல் 'நியூயார்க்கர்' இதழில் 'டிஃபெண்டர் ஆஃப் தி ஃபெய்த்' கதை வந்தபோதே. பட்டாளத்தில் ஒரு யூத சார்ஜென்ட். புதிதாய்ச் சேர்ந்த ஒரு யூதப் பையன், நாமெல்லாம் ஒன்று என்று சொல்லிச் சொல்லியே சலுகை வாங்குகிறான். கடைசியில் சார்ஜென்ட் அவனை மற்றவர்களோடு சேர்த்துப் பசிபிக் போர்முனைக்கே அனுப்ப ஏற்பாடு செய்கிறார். வீட்டு விஷயத்தை ஊர் அம்பலத்தில் போட்டுவிட்டான் என்பதுதான் கோபம். ஹிட்லர் செத்துப் பதினாலு வருஷம்கூட ஆகாத நேரம் என்பதையும் நினைத்துப் பார்க்கவேண்டும். கோபப்பட்டவர்களை முட்டாள்கள் என்று நான் சொல்லமாட்டேன். கதை மட்டும் இன்றைக்கும் நிற்கிறது.

---

மட்டுறுத்துநர் | திங்கள், மாலை 6.40

இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். இன்றைய மத்தியக் கிழக்கு அரசியலுக்கு வேறு இழை இருக்கிறது. இங்கே நாவல்.

---

பெயர்ப்பாளன் | திங்கள், இரவு 10.15

மொழிபெயர்ப்பவன் என்ற முறையில் என் பிரச்சினையைச் சொல்கிறேன். 'கால் இட் ஸ்லீப்'பைத் தமிழில் எப்படிக் கொண்டுவருவது? ஜென்யாவின் யிட்டிஷ் செம்மையாக இருக்கவேண்டும் என்று எழுத்துத் தமிழில் போட்டேன். "மகனே, நீ எங்கே சென்றாய்?" என்று வருகிறது. அம்மா இல்லை, நாடகக் கம்பெனி ராஜமாதா. பேச்சுத் தமிழில் போட்டால் வீடு வீடாக இருக்கிறது, ஆனால் தெருவின் கொச்சைக்கும் அதற்கும் வித்தியாசம் போய்விடுகிறது. ஆங்கிலத்தில் வீட்டுப் பேச்சை உயர்த்த முடிந்தது. நமக்கு உயர்ந்த மொழி என்றாலே வீட்டுக்கு வெளியே இருப்பது.

---

எடிசன்காரன் | திங்கள், இரவு 10.50

தெருவுக்கு மெட்ராஸ் பாஷை?

---

பெயர்ப்பாளன் | திங்கள், இரவு 11.05

அதைத்தான் செய்யக்கூடாது. மெட்ராஸ் பாஷை உடைந்த தமிழ் இல்லை தம்பி, அது ஒருவர் வீட்டு மொழி. அதைக் கொண்டுபோய்ப் பாதி மொழி தெரிந்தவன் வாயில் வைத்தால் இரண்டு பேரையும் அவமதித்ததாகும். இப்போதைக்கு இப்படி முயல்கிறேன்: வீட்டில் நல்ல பேச்சுத் தமிழ், ஒரு ஆங்கில வார்த்தையும் இல்லாமல், நீண்ட வாக்கியம், பழமொழி எல்லாம் தாராளமாக. தெருவில் குட்டி குட்டி வாக்கியம், வேற்றுமை உருபு இல்லாமல், விகுதி தப்பி. நாலு பக்கம் ஆகியிருக்கிறது. அந்தத் தெருப் பெயர்தான் இன்னும் அமையவில்லை.

---

இரவுவிளக்கு | செவ்வாய், காலை 8.40

மொழிபெயர்ப்பு என்றால் சிந்தியா ஓசிக்கின் 'என்வி. ஆர், யிட்டிஷ் இன் அமெரிக்கா' (1969) படித்தீர்களா? எடெல்ஷ்டைன் என்ற யிட்டிஷ் கவிஞர் நியூயார்க்கில் இருக்கிறார். அவரைப் படிக்கத் தெரிந்தவர்களில் பெரும்பாலோர் ஐரோப்பாவில் கொல்லப்பட்டுவிட்டார்கள், மிச்சமிருப்பவர்களின் பிள்ளைகளுக்கு யிட்டிஷ் தெரியாது. இன்னொரு யிட்டிஷ் எழுத்தாளர் ஆஸ்ட்ரோவர் மட்டும் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப்பட்டு உலகப் புகழோடு இருக்கிறார். ஐசக் பாஷவிஸ் சிங்கரை மனதில் வைத்துத்தான் என்று அப்போதே எல்லோரும் பேசினார்கள். எடெல்ஷ்டைனுக்கு வயிறு எரிகிறது. யிட்டிஷ் படிக்கத் தெரிந்த ஓர் இளம்பெண்ணைக் கண்டுபிடித்து, என்னை மொழிபெயர் என்று கெஞ்சுகிறார். அவள் மாட்டேன் என்கிறாள். சிரித்துக்கொண்டே படித்து, முடிவில் சிரிப்பு நின்றுவிடும்.

சிங்கர் 1935-இல் அமெரிக்கா வந்தவர். கஹானின் அதே பத்திரிகையில் கடைசிவரை யிட்டிஷிலேயே எழுதி, 1978-இல் நோபல் வாங்கினார். ஆங்கில உலகம் அவரைக் கவனித்தது 'கிம்பெல் தி ஃபூல்' கதையால், 1953-இல். அதை மொழிபெயர்த்தது யார் தெரியுமா? சால் பெல்லோ. ஒருவர் யிட்டிஷில் வாசிக்க வாசிக்க, பெல்லோ தட்டச்சில் அடித்தாராம். அதே வருடம்தான் சிகாகோவில் பிறந்தவன் என்ற அந்த வரியும் அச்சானது.

---

பாரிமுனை | செவ்வாய், காலை 11.30

அடேயப்பா, அதே வருஷமா. கவனித்ததில்லை.

சரி, இன்னொன்று. ஆர்தர் மில்லரின் 'டெத் ஆஃப் எ சேல்ஸ்மேன்' (1949). அதன் நாயகன் வில்லி லோமன் யூதனா இல்லையா? நாடகத்தில் ஒரு வார்த்தை இல்லை. ஆனால் 1951-இல் புரூக்ளினில் ஜோசப் புலோஃப் அதை யிட்டிஷில் போட்டபோது, பார்த்த விமர்சகர் ஒருவர் இதுதான் மூலம், ஆங்கிலத்தில் வந்தது மொழிபெயர்ப்பு என்கிற தொனியில் எழுதினார். வில்லியின் வீட்டில் பேசும் வாக்கிய அமைப்பைக் கேட்டால் அவர் சொன்னது புரியும். வினைச்சொல் எங்கேயோ போய் உட்காரும்.

---

சும்மாஒருவன் | செவ்வாய், மதியம் 12.40

எல்லாரும் அமெரிக்கர் ஆகிவிட்ட பிறகு இந்த இலக்கியம் முடிந்துபோனதா?

---

இரவுவிளக்கு | செவ்வாய், இரவு 9.15

இர்விங் ஹௌ அப்படித்தான் 1977-இல் எழுதினார். குடியேற்ற அனுபவம்தான் இந்த எழுத்தின் ஊற்று, அது வற்றுகிறது, உச்சம் தாண்டிவிட்டது என்று. பெரிய விமர்சகர், பெரிய தப்பு. அவர் எழுதிய அதே காலத்தில் சோவியத் யூனியனிலிருந்து யூதர்கள் வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். மேலே எடிசன்காரன் சொன்ன ஷ்டெயின்கார்ட், லாரா வப்னியார், போரிஸ் ஃபிஷ்மன் எல்லோரும் அப்போதும் அதற்குப் பிறகுமாக அங்கிருந்து வந்தவர்கள்.

ஊற்று வேறு வயலுக்கும் பாய்ந்தது. சீனக் குடும்பத்தில் பிறந்த கிஷ் ஜென், 'மோனா இன் தி பிராமிஸ்ட் லேண்ட்' (1996) என்று ஒரு நாவல் எழுதினார். சீனப் பெண் மோனா யூத மதத்துக்கு மாறுகிறாள்! அமெரிக்கராவது என்றால் யார் வேண்டுமானாலும் ஆகலாம் என்றுதானே சொன்னீர்கள், நான் யூதராகிறேன் என்கிறாள். கல்கத்தாவில் பிறந்த பாரதி முகர்ஜி, தன் எழுத்துக்கு நெருக்கமானவராகச் சொன்னது பெர்னார்ட் மலமூத்தை. மளிகைக் கடைக்காரர், செருப்புத் தைப்பவர் என்று எழுதிய புரூக்ளின்காரர்.

இந்த இழைக்கு என் பங்காக ஒரு கதை, கிரேஸ் பேலியின் 'தி லௌடஸ்ட் வாய்ஸ்'. பள்ளியில் கிறிஸ்துமஸ் நாடகம். யூதச் சிறுமி ஷெர்லிக்குக் குரல் பெரிது, அதனால் இயேசு கதையை அவள்தான் சொல்கிறாள். அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. நாடகம் முடிந்து வீட்டில் பேச்சு வருகிறது, கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கு ஏன் சின்ன வேஷம்தான் கிடைத்தது என்று. அம்மா விளக்குகிறாள், அவர்களுக்குக் குரல் சின்னது. அவர்கள் ஏன் கத்தவேண்டும்? ஆங்கிலம் அவர்களுக்குப் பிறந்ததிலிருந்தே மனப்பாடம்.

---

கரிசல்வாசகன் | செவ்வாய், இரவு 9.50

மேடம், இதைத்தான் நான் சனிக்கிழமை ராத்திரி அவ்வளவு நீளமாகச் சொல்லப் பார்த்தேன்.

---

தறிக்காரி | புதன், காலை 6.50

அதைச் சொன்னது அம்மா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இவற்றில் எது இலவசமாகக் கிடைக்கும்? கொரியரில் வரவழைக்கக் கட்டுப்படியாகாது.

---

பாரிமுனை | புதன், காலை 10.05

லெவின்ஸ்கி, இலவசப் புத்தகங்கள் தரும் குட்டன்பர்க் தளத்தில் இருக்கிறது. 'யெக்ல்' பழசு, காப்புரிமை இல்லை. 'பிரெட் கிவர்ஸ்' 2021-இலிருந்து அமெரிக்காவில் பொதுவுடைமை. பேலி, ஓசிக், இரண்டு ராத்தும் காசு கொடுத்துத்தான். என்னிடம் 'குட்பை, கொலம்பஸ்' இரண்டு பிரதி இருக்கிறது, ஒன்றில் அட்டை இல்லை. வேண்டுமென்றால் தனிச்செய்தி அனுப்புங்கள், தபால் செலவு மட்டும் போதும்.

---

பெயர்ப்பாளன் | புதன், இரவு 11.30

தெருப் பெயரை மாற்றவில்லை. 'பாடெ ஸ்ட்ரிட்' என்றே விட்டுவிட்டேன். போலீஸ்காரர் திருப்பித் திருப்பிக் கேட்கிறார், பையன் அதையே திருப்பித் திருப்பிச் சொல்கிறான். ஐந்தாம் பக்கத்தில் இருக்கிறேன்.